பெட்டிக்குள் வைத்த பழம்

எனக்குக் கோபம் வந்தாலும் ‘ங்க’ வராது, சந்தோஷம் வந்தாலும் வராது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருப்பூர்தான். ஆனால் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பெரியவர்களை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுவதெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ‘ஆமா’ என்றால் ஆமா, ‘இல்ல’ என்றால் இல்லை. வாசலைத் தாண்டினால் ஊரே ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க என்று சொல்லுக்குச் சொல் வால் கட்டிப் பேசும். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். விஷயத்தைச் சொல்லித் தொலைக்காமல் எதற்கு இவ்வளவு மரியாதை என்று தோன்றும்.

என் கணவர் இந்த மண்ணுக்காரர். பாய்லருக்கே ‘ங்க’ போடுகிற ஆள். சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தார். துணிக்குச் சாயம் ஏற்ற நீராவி வேண்டும், நீராவிக்கு நாள் முழுக்க விறகு எரிய வேண்டும். அந்த அடுப்பின் வாயில் நிற்கிற வேலை. நான் படித்துக்கொண்டிருந்தபோது கழிவுநீர் மாதிரி எடுக்க அங்கே போனேன். “ஏனுங்க, பாத்துங்க, சூடுங்க, அக்கட்டால போயிருங்க” என்றார். ஒரே மூச்சில் இத்தனை ‘ங்க’வா என்று சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியாமலே அவரும் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு மட்டும் ‘ங்க’ நின்றுபோய் ‘ஏம்புள்ள’ ஆகிவிட்டது. ஒரு நாள் அவருடைய வண்டியின் கண்ணாடியை நான் சுவரில் இடித்து உடைத்துவிட்டேன். “நீயா ஒடச்ச?” என்றார். என்னையறியாமல் “இல்லீங்க” என்று வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். “ங்க வந்துருச்சு! அப்ப நீயேதான்.” அதற்குப் பிறகு அது வீட்டில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. “உனக்குப் பொய்க்குத்தான் புள்ள அந்த ங்க வருது. நெசத்துக்கு ஒருக்கா ஆமாங்கன்னு சொல்லிப்போடேன், கேட்டுட்டுச் சாகறேன்” என்பார். “ஆமா” என்பேன், வேண்டுமென்றே.

ஆயுத பூஜையன்று மட்டும் பாய்லர் அணைந்திருக்கும். ஊரில் ஒரு தையல் மிஷின் சத்தம்கூடக் கேட்காது. மற்றவர்கள் இயந்திரத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். பாய்லர்காரர்கள் அடுப்பின் கதவைத் திறந்து உள்ளேயே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம். மறுநாள் விஜயதசமி காலையில் முதல் நெருப்பு வைப்பதற்கு முன் அதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர் ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்துப் பாதியை எனக்குத் தருவார். “பாய்லருங்க குடுத்தனுப்பிச்சாருங்க” என்பார். கரி வாசம் அடிக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள், இருந்தும் அந்தப் பாதிப் பழத்தை ஒரு வருஷமும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் படித்து முடித்து எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, சொல்லப்போனால், அவருடைய வேலையைத் தலைகீழாகச் செய்வது. அவர் விறகை எரித்துப் புகையாக்கினார். நான் அந்தப் புகையில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மறுபடியும் எரிகிற பொருளாக்கப் பார்த்தேன். அதைத் தண்ணீரில் கரைத்து, வெளிச்சத்தை வாங்குகிற ஒரு தகட்டையும் எதிரே ஒரு செம்புத் தகட்டையும் நிறுத்தி, விளக்கைக் காட்டி, கூடவே கொஞ்சம் மின்சாரமும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்துக்கொண்டு எத்திலீன் என்கிற வாயு வரும். எத்திலீன் கிடைத்துவிட்டால் அதிலிருந்து பெட்ரோல் மாதிரி எரிபொருள் செய்ய வழி இருக்கிறது. இந்தக் கோக்கிற வேலையைச் செம்பைப் போல வேறு உலோகம் செய்யாது. முதல் தகட்டை அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து அவர்தான் வாங்கி வந்தார். “கொடம் பண்ற செம்புல பெட்ரோல் பண்றாளாமா” என்று பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

வெளிநாட்டில் இதே வேலையைச் செய்கிற பெரிய ஆய்வகம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அதே சமயத்தில்தான் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மாடிப்படி ஏறும்போது, பிறகு சட்டை போடும்போதுகூட. நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார்கள். நான் போகவில்லை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். எனக்கு அது தியாகமாகத் தோன்றவில்லை. கட்டின மனுஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறவள் எப்படி ஏறுவாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அவருக்கு அது புரியவில்லை. அவர் பாய்லர் வேலையை விட்டார், பீடியை விட்டார், அந்த ஒரு வெசனத்தை மட்டும் விடவில்லை. “என்ற நெஞ்சு உன்ற படிப்பத் தின்னுபோட்டுது புள்ள. நான் இல்லீன்னா இன்னேரம் நீ எங்கியோ இருப்ப.” எப்போது சொன்னாலும் எனக்குத் தலைக்கு ஏறும். கத்துவேன். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். “நான் இங்கயே செஞ்சி காட்டுதேன், பாத்துக்கிட்டே இருங்க” என்பேன். அவர் சாகப்போகிறார் என்பது எனக்குத் தெரியும், டாக்டர் மறைக்கவில்லை. என்னைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு அவர் போய்விடக் கூடாது, அதுதான் என் பயம். அந்த எத்திலீன் உலகத்துக்கு வேண்டுமோ வேண்டாமோ, எனக்கு அவருக்காக வேண்டும்.

கல்லூரியில் ஒரு மூலை அறை கொடுத்திருந்தார்கள். அங்கே தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே கறுப்பு அடித்து, கதவும் போட்டேன். வெளிச்சம் கணக்காக விழ வேண்டும், வெளி வெளிச்சம் கலக்கக் கூடாது, அதற்காக. உள்ளே கண்ணாடிக் கலம், விளக்கு, வாயு சுற்றிவர மெத்தென்ற சிலிகான் குழாய்கள். ஒரு குழாய் வெளியே வந்து, வாயுக்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் சேரும். ஒவ்வொரு வாயுவுக்கும் திரையில் ஓரிடம் உண்டு. அந்த வாயு இருந்தால் அந்த இடத்தில் கோடு மேடாக எழும்பும். எனக்கு எழும்பியதெல்லாம் ஹைட்ரஜன். தண்ணீர் உடைந்தால் வருவது, யாருக்கும் வரும். எத்திலீனுக்கான இடம் எப்போதும் தரையாகவே கிடந்தது.

அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் என் மூத்த ஊட்டுக்காரர். மாலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். “மூத்தவரு இன்னிக்கி என்ன சொன்னாருங்க?”

“ஹைட்ரஜன்னாரு.”

“ரெண்டு பேரும் ஒனக்குச் செரியில்ல புள்ள” என்பார். சிரிக்க ஆரம்பித்தால் இருமலில் போய் முடியும்.

ஒரு தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என்னிடம் சொன்னார். “ஆக்சிஜன் உள்ள போறதவிட, கார்பன் டை ஆக்சைடு வெளிய போகாததுதாம்மா இவருக்குப் பிரச்சினை. ரத்தத்துல சேந்துக்குது. அதனாலதான் தலைவலி, எந்நேரமும் தூக்கம். ரொம்பச் சேந்தா எழுப்ப முடியாது.” எந்த மூலக்கூறின் பின்னால் நான் வருஷக்கணக்காக அலைந்தேனோ, அதுவே அவருக்குள் தங்கி அவரைக் கொன்றுகொண்டிருந்தது. என்னால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் முழங்கையை இடித்தார். “கேட்டியா புள்ள? உனக்கு வேணுங்கறது என்ற மேலுக்குள்ளயே கெடக்குதாமா. எடுத்துக்க வேண்டியதுதான?”

“பேசாம வாங்க” என்று முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாலம் இறங்கும்வரை அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, மூத்தவருக்குத் தானே வந்து பூஜை போட வேண்டும் என்று அடம் பிடித்தார். சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆட்டோவில் கூட்டிப் போனேன். கல்லூரி விடுமுறை. வாட்ச்மேன் சிலிண்டரைத் தூக்கிவந்தார். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெட்டியைத் துடைத்தார், மெதுவாக, அங்கங்கே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பொரியும் கடலையும் பரப்பினார். “பழம் செங்காயாத்தான் கெடச்சுது, இன்னும் பழுக்கோணும்” என்று அதற்கு ஒரு குறை. மறுநாள் ஓட்டுவதற்காக நான் முதல் நாளே கலத்தை மாட்டித் தயாராக வைத்திருந்தேன். ஆட்டோவை வாசலருகே வரச் சொல்லக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

விஜயதசமியன்று “பொழுதோட போயி ஆரம்பிச்சுப்போடு” என்று விரட்டினார். போய் வெளியிலிருந்தே சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது, பம்பு சுற்றியது. ஜி.சி. திரையில் வழக்கம்போல ஹைட்ரஜன் மேடு எழும்பியது. பிறகு நான் தேநீர் ஊற்றிக்கொள்ளத் திரும்பினேன், திரும்பிப் பார்த்தால் தரையாகக் கிடந்த இடத்தில் கோடு எழுந்துகொண்டிருந்தது. சின்ன மேடுதான். ஆனால் எத்திலீனின் இடம். மறுபடி வாயு எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் வந்தது, முன்னைவிட உயரமாக. ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

அவர் எடுத்தார். “எத்திலீன் வந்துட்டு” என்றேன். அந்தப் பக்கம் மூச்சு இழுபடுகிற சத்தம்தான் கேட்டது.

“நெசமாலுமா?”

“ஆமா.”

“அப்ப நான் கெடுக்கல.”

எனக்குப் பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இத்தனை பாடு என்று தோன்றியது. அன்று முழுக்க வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் பொரிப் பொட்டலத்தோடு வந்தார்கள். “ஏனுங்க, நம்ம பொகையில பெட்ரோல் எடுத்துட்டாங்களாமா?” என்று கேட்டார்கள். “எத்திலீனுங்க. பெட்ரோல் அதுக்கப்பறந்தானுங்க” என்று இவர் மூச்சு வாங்கத் திருத்தினார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போய், செம்புத் தகட்டை எடுத்துப் பார்ப்பதற்காகப் பெட்டியின் கதவைத் திறந்தேன். பழ வாசம் முகத்தில் அடித்தது. கலத்துக்குப் பக்கத்தில், குழாய்களை ஒட்டி, ஒரு சீப்பு பூவன் பழம் இருந்தது. செங்காயாக வந்தது நன்றாகப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சந்தனப் பொட்டு.

பாய்லருக்குச் செய்ததை அவர் பெட்டிக்கும் செய்திருக்கிறார். கதவைத் திறந்து, உள்ளே வைத்து, சாத்தியிருக்கிறார்.

பழுக்கிற வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் வரும். பழ மண்டியில் காயைப் பழுக்க வைக்கிற வாயுவும் அதுதான். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், பாடப் புத்தகத்தில் இருக்கிறது, நானே நடத்தியிருக்கிறேன். மூடின பெட்டிக்குள் ஒரு பகலும் ஒரு இரவும் அது நிறைந்திருக்கிறது. சிலிகான் குழாயின் சுவர் வழியாக வாயு உள்ளே கசியும். என் செம்பு ஒன்றும் செய்யவில்லை. அது எப்போதும்போலத் தண்ணீரை உடைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. சீப்போடு எடுத்துக் குப்பைக் கூடையில் எறிந்தேன். “ஒங்கள யாரு உள்ள வைக்கச் சொன்னா?” என்று காலி அறையில் கத்தினேன். பிறகு குழாய்களை மாற்றி, பெட்டியை நன்றாகக் காற்றாட விட்டு, மறுபடி ஓட்டினேன். எத்திலீனின் இடம் தரையாகக் கிடந்தது. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதைச் செய்யாமல் எந்த வேதியியல்காரியும் வீட்டுக்குப் போக மாட்டாள். குப்பையிலிருந்து பழத்தை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். கலத்தில் கார்பன் டை ஆக்சைடே விடாமல் வெறும் நைட்ரஜனை விட்டேன். செம்புக்குக் கோக்கக் கார்பனே இல்லை, ஆனாலும் சாயங்காலம் அதே மேடு எழுந்து நின்றது.

சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். எங்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது, வண்டிக் கண்ணாடியைத் தவிர. போய்ப் பார்த்தால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டினேன், உலுக்கினேன், கண் பாதி திறந்து மூடியது. டாக்டர் சொல்லியிருந்த தூக்கம். ஆம்புலன்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, பழத்தை எறிந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு முகமூடியைப் போட்டு, இயந்திரத்தால் காற்றை உள்ளே தள்ளினார்கள். சில நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு மதியம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். விழித்திருந்தார். நர்ஸ் பெண் சிரித்தாள். “அக்கா, நீங்கதான் புகையில இருந்து எரிபொருள் கண்டுபுடிச்சீங்களாமே? காலையில இருந்து இதையேதான் சொல்லிட்டிருக்காரு.”

அவர் கையசைத்ததும் அவள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். மூக்கின் மேல் அது அழுந்திப் புண்ணாகியிருந்தது.

“புள்ள, பொட்டிக்குள்ள பழம் வெச்சனே. பாத்தியா?”

வாய் வரைக்கும் எல்லாம் வந்து நின்றது. பழம், குழாய், நைட்ரஜன், எல்லாம். “பாத்தேன்” என்றேன்.

“என்ற பழந்தான் வேல செஞ்சுது. இல்ல?”

“ஆமாங்க” என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு அதுதான் சரியான பதில். அவருடைய பழம்தான் வேலை செய்தது, வேறு எதுவும் செய்யவில்லை. அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை, அதைவிடப் பெரிய பொய்யையும் சொன்னதில்லை.

நர்ஸ் முகமூடியை மறுபடி மாட்டினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘ங்க’ அவர் காதில் விழுந்துவிட்டது, அது மட்டும் நிச்சயம். பொய்க்கு வருகிற ‘ங்க’ என்று பிடித்துவிட்டாரா, கடைசியில் நிஜத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாரா, அந்தக் கண்ணிலிருந்து எனக்குத் தெரியவில்லை. முகமூடிக்குள் ஏதோ சொன்னார். “செரி” என்றுதான் கேட்டது. என் விரலை ஒருமுறை அழுத்தினார். நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் காலை அவர் இறந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்த பட்டறைக்காரர்களிடம் நான் மறைக்கவில்லை. “அது பழத்துல இருந்து வந்தது. என் மிஷின்ல ஒண்ணும் வரல” என்று சொன்னேன். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, “அவருக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார். “தெரியல” என்றேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதே பதில்தான். சொல்லாதது சரி என்று ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் கடைசியில் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

வேலையை விடவில்லை. குழாய்களை எல்லாம் உலோகத்துக்கு மாற்றினேன், தகட்டை மாற்றினேன், வேறு விளக்கு போட்டேன். ஹைட்ரஜன் வருகிறது. மாலையில் செருப்பைக் கழற்றும்போது மூத்தவரைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. இந்த வீட்டில் எனக்குத் தாங்க முடியாத நேரம் அதுதான்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. தெருவில் தையல் மிஷின் சத்தம் ஓய்ந்ததும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போய் ஒரு சீப்பு பூவன் கேட்டேன். “நல்ல பழமாவே இருக்குதுங்க” என்று நீட்டினார்கள். செங்காய்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். கல்லூரிக்குப் போய்ப் பழைய சிலிகான் குழாயைத் தேடி எடுத்து மாட்டினேன். பெட்டியின் கதவைத் திறந்து, பழத்தை உள்ளே வைத்து, சாத்தினேன்.

மறுநாள் காலை ஜி.சி.யை மட்டும் போட்டேன். விளக்கு போடவில்லை, மின்சாரம் கொடுக்கவில்லை, கார்பன் டை ஆக்சைடு விடவில்லை. ஹைட்ரஜன்கூட வரவில்லை. பிறகு, அந்த இடத்தில், கோடு மெல்ல எழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே, அது ஏறி இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆமாங்க” என்றேன்.

கதவைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தேன். பாதியை நான் சாப்பிட்டேன்.